சுறா எண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

பேரன்புள்ள ரிஷாத் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எத்தாளையில் நாங்கள் சுகம். கத்தார் வெயிலில் நீங்களும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போனில் சொல்லலாம்தான், நான் போனை எடுத்தால் உங்கள் மச்சான் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "நானும் கதைக்கணும்" என்று கடைசி வரை எழும்பமாட்டார். அதனால்தான் நாளை கத்தாருக்குப் பயணம் வரும் ஸஜீத் கையில் இந்தக் கடிதம்.

பென்ஷன் எடுத்த மனுஷன் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார் நானா. குரூஸராம். முன்னால் காற்றுக்குக் கண்ணாடி, இரண்டு பக்கமும் தோல் பை, பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம். கணக்குக் கொப்பியில் வாகனத்தில் எழுதுவதா, கட்டில் மேசையோடு தளபாடத்தில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இலங்கையைச் சுற்றப்போவதாகச் சொன்னார். இதுவரை சுற்றியது பள்ளிவாசலும் பாண் கடையும்தான். அதற்குள் உப்புக்காற்றில் மினுங்கிய இடமெல்லாம் துரு. பக்கத்து வீட்டு றிம்ஸான், கடலுக்குப் போகிற பிள்ளை, "தோணிக்கு நாங்க சுறா எண்ணெய்தானே பூசுற மாமா, ஒண்டும் அண்டாது" என்று ஒரு போத்தல் கொடுத்தான். தோணி மரமாச்சே என்று யோசிக்காமல் இவர் தோல் பை வரைக்கும் பூசிவிட்டார். துரு அண்டவில்லை. ஊர்ப் பூனையெல்லாம் அண்டிவிட்டது. ஜும்ஆவுக்கு இவர் முன்னால் போக, பின்னால் பூனை ஊர்வலம். போன வெள்ளி வெளியே அதுகள் போட்ட சண்டையில் மௌலவி குத்பா பிரசங்கத்தை நிறுத்திப் பார்த்தாராம். "செய்னுலாப்தீன், நீங்க வாறது சைக்கிள்லயா, மீன் லொறியிலயா?" என்று பதியுதீன் ஹாஜியார் எல்லோர் முன்னிலும் கேட்டதை இவரே வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். வெட்கமெல்லாம் எனக்குத்தான்.

"ஏறு அஸீஸா, சிலாபத்துக்குப் போய் மகளைப் பாத்துட்டு வருவோம்" என்று தினமும் கரைச்சல். சிபானா நிறைமாதம், என் இடுப்பு நோவோடு பஸ்ஸில் போக முடியாமல் நான் தவிப்பது உண்மைதான். அதற்காக அந்த நாற்றத்திலா ஏறுவது? உங்கள் சொல்லை இவர் தட்டமாட்டார். "வித்துப் போடுங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தை இறக்குவானாக.

உங்கள் தங்கச்சி,
அஸீஸா

பி.கு.: ஸஜீத்தின் பயணம் தள்ளிப் போனதால் கடிதத்தைத் திரும்பப் பிரித்தேன். நேற்று சிபானாவுக்கு ஆண் பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ். செய்தி வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறிவிட்டேன். சிலாபம் வரை சாய்ந்துகொண்டே போனேன் நானா, இடுப்பு வாயே திறக்கவில்லை. நான் வாசலில் கால் வைத்ததும் மகள், "உம்மா, மீன் ஆக்கிக் கொண்டந்தீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். சைக்கிளைக் கொப்பியில் வைத்தியச் செலவில் எழுதிவிட்டேன். மச்சானுக்குக் கோல் எடுத்தால் ஸலாம் மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் நான் குந்தியிருப்பேன்.