சுளுக்காத காலுக்குக் கட்டு

இந்த விடுமுறை முழுக்கக் குழந்தையை நானே பார்த்துக்கொள்வது என்று சபதம் எடுத்தேன். கடற்கரை விடுதி. காற்று நன்றாக இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“நீ மாடியில போய் நிம்மதியா தூங்கு. வாலை நான் பாத்துக்கறேன்,” என்றேன் மனைவியிடம்.

வால் என்பது எங்கள் மகள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. பெயர்க்காரணம் கொஞ்ச நேரம் பழகினால் தெரியும்.

“பாத்துக்கறதுன்னா கண்ணால பாக்கணும்.”

“நான் யாருன்னு மறந்துட்டியா?”

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாரும் வழுக்காமல், விழாமல், இயந்திரத்தில் விரலை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

“மறந்தாத்தான் தூக்கம் வரும்,” என்று மாடியேறிவிட்டாள்.

நீச்சல் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வால் ஈரத் தரையில் நண்டு மாதிரி நடந்து காட்டினாள். “அப்பா, இங்க பாருங்க!” அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து போன். எண்ணெய் கொட்டிய இடத்தில் யாரோ வழுக்கி விழுந்துவிட்டாராம்.

“ஈரத்துல ஆளை நடக்க விட்டா விழத்தான்யா செய்வான்! பக்கத்துல இருந்தவன் என்ன பண்ணிட்டிருந்தான்? கண்ணு பிடரியிலயா இருந்துச்சு?” என்று நான் சீறிக்கொண்டிருந்தபோது, என் பிடரிப் பக்கம் ‘சொத்’தென்று சத்தம்.

முழங்கால் சிராய்ந்து ரத்தம் கசிந்தது. கழுவினேன். பிளாஸ்திரி ஒட்டினேன். அழுகை அடங்கியது. அதோடு விட்டிருந்தால் நான் வெறும் அஜாக்கிரதைக்காரன். விடவில்லை.

“அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்டா தங்கம்.”

“பொய் சொல்லணுமாப்பா?”

“சேச்சே! பொய் இல்ல. சும்மா சொல்லாம இருக்கணும்.”

“வலிச்சா?”

“வலிச்சாலும்.”

அந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் நாக்கு கூசுகிறது.

காயத்தை மறைக்க, குளத்துக்கு எடுத்து வந்த பையிலிருந்து முழுக்கால் சட்டை எடுத்து மாட்டிவிட்டேன். நடையை மறைக்க எந்தச் சட்டையை மாட்டுவது? அறைக்குப் போனதுமே மனைவி கேட்டாள்.

“ஏன் இவ நொண்டறா?”

“என்னைப் பாத்து நடிக்கறா. எனக்குத்தான் கால் சுளுக்கிடுச்சு.” நொண்டிக் காட்டினேன்.

“ஐயையோ!” என்று உருகிப்போனாள். கல்யாணமான நாளாக அவள் இப்படி உருகி நான் பார்த்ததில்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். முதலில் வாலைத் தூக்கி மடியில் வைத்து, காதோடு ஏதோ சொல்லிக் கொஞ்சினாள். பிறகு என்னைக் கட்டிலில் கிடத்தி, எரிகிற தைலமாகப் பார்த்துத் தேய்த்து, துணிச்சுருளைப் பிரித்தாள்.

“எந்தக் கால்னு சொன்னீங்க?”

“வலது... இல்ல, இடது.”

“பரவால்ல, ரெண்டுலயும் போட்டுடறேன்.”

போட்டாள். கட்டா அது? மூட்டை! பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“சுளுக்குன கால் நடக்கக் கூடாது. சிராய்ச்ச முட்டி உப்புத் தண்ணியில நனையக் கூடாது. ரெண்டு பேரும் ரூம்லயே இருங்க. நான் கடலுக்குப் போறேன்.”

“முட்டியா? எந்த முட்டி?” என் முழி பிதுங்கியது.

“இந்த ஜன்னல் குளத்தைப் பாத்துத்தாங்க இருக்கு. ‘அப்பா, இங்க பாருங்க’ன்னு அவ கூப்பிட்டதெல்லாம் எனக்குத் தூக்கத்துலயே கேட்டுச்சு. பக்கத்துல இருந்த உங்களுக்குக் கேக்கல. எழுந்து பாக்கறதுக்குள்ள பிளாஸ்திரி ஒட்டிட்டிருந்தீங்க. சரி, நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்.”

“அது வந்து...”

“விழுந்தது போகட்டும். குழந்தைன்னா விழும். இப்ப மடியில தூக்கினப்போ முட்டியில கை பட்டுடுச்சு. ‘வலிக்குதாடி?’ன்னு காதோட கேட்டா, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா.”

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். அவள் பையில் என் போனும் போனது.

வால் கட்டில் ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“தங்கம், அப்பா சொன்னது தப்புடா. வலிச்சா சொல்லணும். சத்தமா சொல்லணும்.”

“அம்மாகிட்டயா?”

“எல்லார்கிட்டயும். எனக்குக் கேக்கலன்னா சட்டையப் பிடிச்சு இழுத்துச் சொல்லு.”

உதடு பிதுங்கியது. “இப்ப வலிக்குதுப்பா.”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. இறுக்கி அணைத்துக்கொண்டேன். கட்டை மாதிரி நீட்டிய கால்களோடு நானும் தேம்பினேன். அவள் சட்டென்று நிறுத்திவிட்டு, என் கன்னத்தைத் துடைத்தாள்.

“அழாதீங்கப்பா. நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தலைமுடியில் கடல் சொட்டச் சொட்ட மனைவி உள்ளே கால் வைப்பதற்குள், வால் கட்டிலிலிருந்து குதித்தாள்.

“அம்மா! அப்பா அழுதாங்க! உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்!”