ஷாஜினியின் கண் வீங்கிய விவரம்

ஷார்ஜா
10.3.2009

என்றும் என் மரியாதைக்குரிய மாமா இஸ்ரவேல் அவர்களுக்கு, மருமகன் ரெனீஷ் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஷாஜினியும் கர்த்தருடைய கிருபையால் நலம். ஷாஜினியின் இடது கண்ணும் இப்போது நலம். அங்கே அத்தையின் முட்டுவலியும் உங்கள் இரத்தக் கொதிப்பும் எப்படி இருக்கின்றன? இரத்தக் கொதிப்பைத் தனியாகக் கேட்கக் காரணம், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசிய சத்தம்.

"மருமவனே" என்று பாசமாகக் கூப்பிடுகிற நீங்கள் அன்று, "லேய், எனக்க மவளுக்க கண்ணுல கை வச்சவன் நீதானே?" என்று கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். அரைமணி நேரத்தில் குவைத்திலிருந்து உங்கள் மகன் பெனோ கூப்பிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஷார்ஜா வந்து தங்கச்சியை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாகவும், அதற்கு முன் என்னிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நாளை லீவில் வரும் நண்பன் முகம்மது சித்தீக்கிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் ஆர்குட் இணையதளத்தில் போட்ட படத்தில் ஷாஜினியின் கண் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருப்பதும், பக்கத்தில் நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பதும் உண்மை. ஆனால் அதில் இன்னும் ஆறு பெண்கள் இருந்தார்கள் மாமா. எங்கள் இருவர் முகமும் பெரிதாகத் தெரியட்டும் என்று நான்தான் அவர்களை வெட்டிவிட்டேன். அந்த ஆறு பேரும் ரக்பி வீராங்கனைகள். ஏழாவது ஆள் உங்கள் மகள்!

ரக்பி என்றால், பப்பாளிப் பழம் மாதிரி ஒரு பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும், ஆனால் கையால் வீசுவதென்றால் பின்னால் வருகிறவருக்குத்தான் வீச வேண்டும். ஓடுகிறவரை மற்றவர்கள் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். போலீஸ் கேஸ் கிடையாது. ஷாஜினியின் கிளினிக்கில் அவளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெண்கள் அணியின் பயிற்சியில் முதலுதவி டூட்டி போட்டார்கள். அந்த அணியின் கோச் ஹாலிதா, இலங்கை கண்டியிலிருந்து வந்தவர். "பொம்பளைங்களுக்கு எதுக்குக்கா இந்த முரட்டு விளையாட்டு?" என்று நான் வாயை விட்டேன். அவர் என்னை வெயிலில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"எம்பத்திரண்டுலேயே பிரான்ஸ் பொம்புளைகளும் நெதர்லாந்துப் பொம்புளைகளும் நாட்டுக்கு நாடு ஆடிட்டாங்க தம்பி. தொண்ணூத்தொண்ணுல வேல்ஸ்ல உலகக் கோப்பை. சோவியத் பிள்ளைகள் கையில சல்லி இல்லாம, வோட்காவும் பொம்மையும் கொண்டுவந்து வித்தாவது ஆடுவம்னு வந்தாங்க. இப்ப ஏழு பேர் ஆட்டத்துல பொம்புளைகளுக்கு மொத உலகக் கோப்பை, இங்க துபாயில. நீங்க எதுக்குன்னு கேக்கிறீங்க!"

வோட்கா என்றால் என்ன என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன் மாமா, அதற்கு முன் தெரியாது.

உலகக் கோப்பைக்கு வந்த ஒரு நாட்டு அணி, போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களோடு பயிற்சி ஆட்டம் ஆடச் சம்மதித்தது. எந்த நாடு என்று எழுதமாட்டேன், பெனோ அங்கே விசாவுக்கு மனு போட்டிருக்கிறார். அன்று எங்கள் அணியில் ஒருத்திக்கு ஏர்போர்ட்டில் டூட்டி, ஒருத்திக்குக் காய்ச்சல், மாற்று ஆள் யாருமில்லை. முதல் பாதியில் முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒருத்தி கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். ஷாஜினி அவளுக்குக் கட்டுப் போட்டு நிமிர்ந்தபோது ஹாலிதா அக்கா அவள் மேல் ஒரு ஜெர்சியை எறிந்தார்.

"தங்கச்சி, ஓட ஏலுமா?"

"ஸ்கூல்ல நூறு மீட்டர் ஓடியிருக்கேன்க்கா."

"அது போதும். வாங்க!"

என் கையில் கோட்டோரம் நிற்கும் ஆளின் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் பேன்ட்டுக்கு மேல் ஜெர்சியோடு ஷாஜினி ஓரமாக நின்றாள். பந்து வராத இடமாகப் பார்த்துத்தான் நின்றாள் மாமா, ஆனால் அந்தப் பப்பாளி எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது, நேராக இவள் மார்பில் வந்து விழுந்தது. இவள் எங்கள் கோட்டுப் பக்கமே திரும்பி ஓடினாள்! எதிர் அணி திகைத்து நின்றுவிட்டது. "ஷாஜி, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்று நான் தொண்டை கிழியக் கத்த, அவள் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பினாள். அதன் பிறகு அவளைப் பிடிக்க ஒருவராலும் முடியவில்லை. கோட்டைத் தாண்டிவிட்டாள். தாண்டியவள், பந்தைத் தரையில் வைத்தால்தான் புள்ளி என்பதை மறந்து, என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

"நெலத்துல வைங்க தங்கச்சி! நெலத்துல!"

அதற்குள் மலை மாதிரி இரண்டு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். மூன்று பேரும் விழுந்தார்கள், பந்தும் அடியில் தரையைத் தொட்டது. ஐந்து புள்ளி! கண் வீங்கியது இப்படித்தான். என் விரல்கூட அவள்மேல் படவில்லை, சத்தியம்.

ஐம்பத்திரண்டுக்கு ஐந்து என்று தோற்றோம். ஆனால் போன சனிக்கிழமை துபாயில் இறுதி ஆட்டம் பார்க்கப் போனபோது அந்த நாட்டுப் பெண்கள் கூட்டத்தில் ஷாஜினியை அடையாளம் கண்டு கத்தினார்கள். ஆஸ்திரேலியா நியூசிலாந்தை நேரம் கூட்டிக் கொடுத்த பிறகுதான் ஜெயித்தது. நான் அழுதேன் மாமா, எந்த நாட்டுக்காக என்று எனக்கே தெரியாது. ஷாஜினி அழவில்லை. "நானும் ஆடணும்" என்றாள். ஹாலிதா அக்கா அவளை அணியில் சேர்த்துவிட்டார். நீங்கள் ஆசீர்வதித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெனோவிடமும் ஒரு வார்த்தை, வியாழக்கிழமைக்குள்.

அத்தைக்கும் நம் போதகருக்கும் என் வணக்கம். கர்த்தர் உங்கள் கோபத்தை ஆற்றி உங்களைச் சுகத்தோடு காப்பாராக.

பணிவுள்ள மருமகன்,
ரெனீஷ்

பின்குறிப்பு: அப்பா, ஷாஜினி எழுதுகிறேன். கவரை ஒட்டுமுன் படித்துவிட்டேன். எல்லாம் உண்மை, கண்ணைத் தவிர. அந்தப் பெண்கள் விழுந்ததில் எனக்கு ஒரு கீறலும் இல்லை. நான் எழுந்து நின்றதும், கோட்டோரம் நிற்க வேண்டிய மனுஷன் கொடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். விரல் படவில்லை என்பது சரிதான், கண்ணில் பட்டது முழங்கை. அடித்தது அவர்தான், ஆனால் சந்தோஷத்தில். அண்ணனைத் தடுத்து நிறுத்துங்கள். நான் ஆடும்போது இவரைக் கோல் கம்பத்தில் கட்டிப்போட வேண்டும் என்று ஹாலிதா அக்கா சொல்லிவிட்டார். கயிறு வாங்கியாயிற்று.