கம்ப்யூட்டர் ஆறாவது முறையாக மொழி கேட்கிறது

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். குளியலறைக் குழாய் மட்டும் நீ கடைசியாக வந்தபோது ஒழுகியது போலவே ஒழுகிக்கொண்டிருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும். எட்டு மாதமாக நாம் பேசவில்லையே. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நீ ஒரு தடவை கூப்பிட்டாய். அப்போது நான் ஒருவருக்கு இருமல் மருந்து அளந்துகொண்டிருந்தேன். அளந்து முடித்த பிறகும் கூப்பிடவில்லை. அது போகட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் அல்ல. முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் கடிதம். கம்ப்யூட்டர் வேலை செய்யாததால் கையால் எழுதுகிறேன். உன் அத்தான் உன் ஆபீஸ் வழியாகத்தான் போகிறார், கொண்டுவந்து கொடுப்பார். அவரிடம் என்னைப் பற்றி எதுவும் விசாரிக்காதே, ஒன்றுக்கு நாலாகச் சொல்வார்.

எங்கள் கிளினிக்கில் மருந்துக் கவுன்ட்டர் கம்ப்யூட்டரை உனக்குத் தெரியும். காலையில் அதை ஆன் செய்துவிட்டு, நான் கை கழுவி, வெள்ளைக் கோட்டு மாட்டி, தேதி முடிந்த மருந்துகளைப் பிரித்து வைத்து, பெருக்குகிற அம்மாவிடம் அவர் மருமகள் நேற்று என்ன சொன்னாள் என்பதை முழுதாகக் கேட்டுவிட்டு வந்தாலும் அது இன்னும் எழுந்திருக்காது. போன மாதம் முதல் அது திரையின் மூலையில், இனி எனக்குப் புதுப்பிப்பு எதுவும் வராது, என்னை நம்பாதே என்ற பொருளில் தினமும் ஓர் அறிவிப்பு வேறு போட ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு கம்பெனி ஆளக் கூப்பிட்டுடலாமேம்மா" என்றார். நான், "எதுக்கு டாக்டர்? எங்கிட்டயே எல்லாம் இருக்கு. நானே போட்டுடறேன்" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றேன். வீட்டில் எல்லாருக்கும் என்று நான் சொன்னது உன் ஒருத்தியை வைத்துத்தான். அவர் இந்த வாரம் முழுக்க அவகாசம் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்துவிடுவார்.

எங்கிட்டயே இருக்கு என்றது பொய்யில்லை. போன வருஷம் நீ ஒரு பென் டிரைவில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றி, கூடவே ஒரு தாளில் செய்முறையும் எழுதிக் கொடுத்தாயே, "இந்தக் கிழத்துக்கு ஆயுசு முடியப்போகுது அக்கா, அப்போ இதைப் போட்டுக்கோ" என்று, அதை நான் தொலைக்கவில்லை. மற்றது எதை வீசினாலும் அதை வீசவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை எடுத்து, பறந்துவிடக் கூடாது என்று திரைக்குப் பக்கத்துச் சுவரில் நாலு ஓரத்திலும் புண்ணுக்குப் போடும் அகலமான பிளாஸ்திரியை இழுத்து ஒட்டினேன். நான் ஒட்டிய பிளாஸ்திரி லேசில் வராது என்று இந்தக் கிளினிக்கில் முழங்காலில் முடி உள்ள எல்லாருக்கும் தெரியும்.

உன் தாளின் முதல் வரி, "அக்கா, பயப்படாதே." சரி, பயப்படவில்லை. இரண்டாவது, "உன் பட்டியல்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வை." எடுத்தேன். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நான் பதினெட்டு வருஷமாகச் சேர்த்த பட்டியல், சும்மா மேஜையில் வைக்க முடியுமா? கிளினிக்கில் பூட்டு உள்ள இடம் ஒன்றுதான். அதனால் டிஸ்க் இப்போது மருந்து ஃபிரிட்ஜில், இன்சுலினுக்குப் பக்கத்தில், "உறைய விடக் கூடாது" என்று எழுதிய டப்பாவில் இருக்கிறது. இது சரியா என்பதற்கும் பதில் எழுது. மூன்றாவது வரி, பென் டிரைவைச் சொருகி, கம்ப்யூட்டர் அதிலிருந்து எழுவதற்காக, ஆன் செய்ததும் F12 பட்டனை விடாமல் தட்டச் சொன்னது. தட்டினேன். மாத்திரை எண்ணிப் பழகிய விரல், வேகம் போதாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் தட்டி முடிப்பதற்குள் அது பழைய வழியிலேயே போய்விடும், அல்லது நான் தட்டுவதற்கு முன்பே போய்விடும். ஒன்பது தடவை. பத்தாவது தடவை கோபித்துக்கொண்டு கீச்சென்று கத்தியது, வெளியே பெஞ்சில் இருந்த குழந்தை அழுதது. நாலாவது வரியில் நீயே மாற்று வழியும் எழுதியிருந்தாய். F2 தட்டி உள்ளே போய், பூட் வரிசையில் பென் டிரைவை முதலாவதாக வைக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்கிற வரிசை அது என்று புரிந்துகொண்டேன். பென் டிரைவை முதலில் வைத்தேன். ஐந்தாவதும் ஆறாவதும் அது கேட்கும் கேள்விகளுக்கு என்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தில் பழையதை அழிக்க வேண்டும் என்பது. ஏழாவது வரியை நீ இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாய்: "வேலை முடியும் வரை பென் டிரைவைத் தொடாதே. தொடாதேன்னா தொடாதே."

அழகாகத்தான் ஆரம்பித்தது. நீலத் திரை வந்து, மொழியைத் தேர்ந்தெடு என்றது. தேர்ந்தெடுத்தேன். நாடு, கடிகாரம், கீபோர்டு எல்லாம் சொன்னேன். பிறகு நிபந்தனைகளைப் படித்துச் சம்மதம் தெரிவிக்கச் சொன்னது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக் கடைசி வரி வரை படிக்கிறவள் நான், இதை மட்டும் படிக்காமல் விடுவேனா? நாற்பது நிமிஷம் ஆனது. அவ்வளவு பெரிய தாளில் பக்கவிளைவு பற்றி ஒரு வார்த்தை இல்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சதவீதம் ஓடியது. அறுபத்து மூன்றில் நின்றுகொண்டது. வெளியே ஜன்னலில் ஆறு பேர், நான் நோட்டில் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அறுபத்து மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்குத் தினம் அறுபத்து மூன்று மாத்திரை என்று எழுதிவிட்டேன், நல்லவேளை அவரே சிரித்துவிட்டார். கடைசியில் நூறு வந்தது. தானாக அணைந்து மறுபடி எழப்போகிறேன் என்றது. நான் எல்லாரையும் கூப்பிட்டேன். டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார், பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்தார். திரை இருண்டது, வெளுத்தது, நீலமானது. மொழியைத் தேர்ந்தெடு என்றது.

"இதத்தானே காலைலயும் கேட்டுச்சு?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். ஒரு தடவை உறுதிப்படுத்திக்குது போல."

"நானும் ரெண்டு தடவை கேப்பேன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அன்றிலிருந்து இன்று வியாழக்கிழமை வரை ஐந்து முறை முழுதாகப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நூறு வரும், இருளும், எழும், என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல மொழி கேட்கும். இரண்டாவது முறை ஆங்கிலம் என்று மாற்றிச் சொன்னேன். மூன்றாவது முறை நாட்டை மாற்றினேன். நாலாவது முறை எல்லாவற்றுக்கும் பொய்யே சொல்லிப் பார்த்தேன், அதையும் நம்பியது. ரத்த அழுத்த மாத்திரைக்கு வரும் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஐயா, மாத்திரை வாங்கிய பிறகும் ஜன்னலிலேயே நின்று பார்த்தார்.

"எத்தனாவது ட்ரிப்பும்மா இது?"

"அஞ்சாவது."

"இது சர்க்குலர் வண்டிம்மா. கிளம்புன எடத்துக்கே வரும். டெர்மினஸ் கெடையாது. யாராவது எறங்கணும், அப்பத்தான் நிக்கும்."

"மாத்திரையை சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க ஐயா" என்று அனுப்பிவைத்தேன்.

பெருக்குகிற அம்மாவுக்கோ அந்தப் பென் டிரைவின் மேல்தான் கண். "அந்தக் குச்சி மூணு நாளா கண்ணடிச்சிட்டே இருக்கும்மா. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. கழட்டி வச்சுடவா?" என்றார். நான் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தேன். "தொடாதீங்க. வேலை முடியற வரைக்கும் தொடக் கூடாது, எழுதியிருக்கு பாருங்க." "காய்ச்சல் நின்றாலும் ஏழு நாள் மாத்திரையை ஏழு நாளும் போட வேண்டும், நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும்" என்று தினமும் முப்பது பேரிடம் சொல்கிறவள் நானே நடுவில் நிறுத்துவேனா? "அப்ப வேலை எப்ப முடியும்?" என்றார் அவர். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் உன் அத்தான், "தங்கச்சிக்கு ஒரு போன் போட்டா ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

"அவ எடுக்க மாட்டா."

"நீ போட மாட்டே. அதத்தான் அப்படிச் சொல்றே."

அவருக்கு அன்று மறு சோறு போடவில்லை. அவராகவே போட்டுக்கொண்டார்.

ஐந்தாவது முறை சதவீதம் ஓடும்போது வேலை எதுவும் இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது யாரைப் போலவோ இருக்கிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நானும் உன்னோடு மனசுக்குள் தினமும் பேசுகிறேன். கவுன்ட்டரில், பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது. யார் முதலில் பேச்சை விட்டது என்பதில் ஆரம்பிப்பேன். எல்லாக் கேள்விக்கும் நீயும் பதில் சொல்வாய், நானும் சொல்வேன். நூறு வரை வந்துவிடுவோம். கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுப்பேன். எடுத்ததும், சரி, யார் முதலில் பேச்சை விட்டது என்று மறுபடி முதலிலிருந்து. இந்தப் பத்தி தொழில்நுட்பத்துக்குச் சம்பந்தமில்லாதது, அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனாவால் எழுதியது, அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

எட்டு மாதம் முன்பு உன் வீட்டில் விருந்து நடந்த அந்த நாளைப் பற்றி நான் எதுவும் வாபஸ் வாங்கவில்லை. நீ ஒரே நாளில் நானூறு கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் ஏற்றியதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தாய், உன் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் நடுவில், "அதென்ன பிரமாதம், பிடுங்கிப் பிடுங்கிச் சொருகறதுதானே உங்க வேலை" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். சிரிக்கவும் சிரித்தார்கள், உன் மேலதிகாரி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். நீ தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய், கையில் தண்ணீர் இல்லாமல் திரும்பிவந்தாய். அவ்வளவுதானே நடந்தது.

ஆகவே விஷயம் இது. உன் தாளில் ஏழு வரி. ஏழையும் எழுத்துக்கு எழுத்து செய்தேன். குறை என்னிடம் இல்லை, தாளில் இருக்கிறது. முடிவு எழுதாத செய்முறை அது. முழு விவரமும் இன்னொரு தாளில் எழுதி அத்தான் கையில் கொடுத்தனுப்பு. நீ நேரில் வர வேண்டியதில்லை. உனக்கு நானூறு கம்ப்யூட்டர் காத்திருக்கும், எனக்கு ஒன்றுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் தலைவலி மாத்திரை போடும் பழக்கத்தை விட்டாயா என்று தெரியவில்லை. விட்டிருந்தால் சந்தோஷம், விடாவிட்டால் விடு. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகள். எல்லா நலனும் உங்கள் இருவருக்கும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தொழில்நுட்பக் காரணங்களுக்காக மட்டும் எழுதும்
உன் அக்கா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஆறாவது முறை போட்டு, நூறு வந்து திரை இருண்ட நேரத்தில் நான் ஜன்னலில் ஒருவருக்குக் கண் சொட்டு மருந்து விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பெருக்குகிற அம்மா, "நீங்க திட்டினா திட்டுங்க, என்னால பாக்க முடியல" என்று சொல்லி அந்தக் குச்சியைப் பிடுங்கிவிட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. மொழி கேட்கவில்லை. வணக்கம் என்றது. டிஸ்க்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ஈரம் போகக் கோட்டுப் பையில் அரைமணி வைத்திருந்து, போட்டுப் பார்த்தேன். பதினெட்டு வருஷமும் பத்திரமாக இருக்கிறது.

பிறகு உன் தாளைச் சுவரிலிருந்து உரித்தேன். கீழ் ஓரப் பிளாஸ்திரிக்கு அடியில் எட்டாவது வரி இருந்தது. என் பிளாஸ்திரியோடு பாதி மசி வந்துவிட்டாலும் படிக்க முடிந்தது. "நூறு வந்து தானாக அணையும்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். புரியாவிட்டால் போன் பண்ணு அக்கா, எந்த நேரமானாலும் திட்ட மாட்டேன்."

ஆகவே குறை தாளில் இல்லை. உன் வேலை பிடுங்கிச் சொருகுவதுதான், எப்போது பிடுங்க வேண்டும் என்று தெரிந்திருப்பது அந்த வேலை. அதை அன்றே உன் மேலதிகாரி காதுபட நான் சொல்லியிருக்க வேண்டும். நீ தண்ணீர் இல்லாமல் திரும்பிவந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. பெருக்குகிற அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பென் டிரைவை மறுபடி சொருகி, கம்ப்யூட்டரை அணைத்து ஆன் செய்தேன். இப்போது மொழி கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வா. நீ வந்து பிடுங்குகிற வரை நான் அதைத் தொட மாட்டேன்.