செவலைக்கு நான் கன்றான கதை

மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது என்று நம்மவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தால் தப்பித்த மாப்பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். 'ஐயா, தயவு செய்து என்னை நாலு வார்த்தை திட்டிவிடுங்கள்' என்று ஏங்கிய மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரெயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். (சின்னக் கிராணி என்றால், பெரிய கிராணி தும்மும்போது பக்கத்தில் நின்று வருத்தப்படுகிறவர்.) சம்பளம் கிராணிச் சம்பளம்தான் என்றாலும் கிராப்பும் காலணியும் துரை கணக்கில் இருக்கும். மாட்டை நான் தெருவில் பார்த்திருக்கிறேன். அதுவும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு.

என் மனைவி பாக்கியத்தின் வீடு கிள்ளானைத் தாண்டி மூன்று மைல். நாலு ஏக்கர் கித்தா என்கிற ரப்பர் மரம், வீட்டைச் சுற்றி வாழை, கொஞ்சம் கோழி, செவலை என்று ஒரு பசு. இதுதான் மாமாவின் ராஜ்யம். விடியுமுன்னே மரத்தில் பால் வெட்டப் போவார். பட்டையைச் சீவி, மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கி வந்து, உறையவைத்து, மிஷினில் கொடுத்துத் தகடாக்கிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். மாமி அதற்குள் தண்ணீர் இறைத்து, விறகு பிளந்து, புல் அறுத்து, சமைத்தும் முடித்திருப்பார். அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்காருவதற்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலியிலும் நான் வந்தால் நான்தான் உட்கார வேண்டும்.

பாக்கியம் தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பெண் குழந்தை, சரோஜா. நாற்பது நாள் ஆன சமயத்தில் பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்து, தாய்ப்பால் நின்றுபோயிற்று. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தை கக்கியது. செவலையின் பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்டியபோதுதான் வயிற்றில் தங்கியது. இந்த விவரமெல்லாம் கடிதத்தில் வந்ததும், நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

போனவன் பிள்ளையைக் கொஞ்சினோமா, பெண்டாட்டிக்குக் கஷாயம் கொடுத்தோமா என்று இருந்திருக்கலாம். எனக்கு உதவி செய்ய ஆசை வந்துவிட்டது.

வாளியைத் தொட்டால் மாமா, "ஐயய்யோ, நீங்க உக்காருங்க மாப்பிள்ளை" என்பார். கோடாலியைத் தொட்டால் நாற்காலி என் பின்னால் வந்து நிற்கும். மாமி என்னோடு நேரே பேசுவதே கிடையாது, அது மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளைய சாப்பிடச் சொல்லுங்க" என்று கதவிடம் சொல்வார். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவர் குரலைக் கதவுதான் அதிகம் கேட்டிருக்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானம். மாமா களைத்துப் படுத்திருந்தார். மாமி குழந்தையோடு உள்ளே. நான் காலாறத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ், ஒரு மூலையில், அது நின்றுகொண்டிருந்தது.

அது ஒரு கன்றுக்குட்டி. செத்த கன்றுக்குட்டி. நாலு மூங்கில் கால்களில் நின்றது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொத்தல். வயிற்றுத் தையல் வழியாக லாலான் புல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஈ. அப்படி ஒரு ஈக் கூட்டத்தை நான் பாசாரில் மீன் கடையில்கூடப் பார்த்ததில்லை. அங்கிருந்து பத்தடி தள்ளித்தான் என் மகள் தொட்டிலில் தூங்கினாள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் ஈயைப் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஈயால் வரும் வியாதிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் படித்துப் படித்து எனக்கு அது மனப்பாடம். பாவம், இவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, செத்ததைப் புதைக்க நேரமில்லாமல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். எதற்கு மூங்கில் கால் வைத்திருக்கிறார்கள், வயிற்றைத் தைத்து எதற்குப் புல் அடைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிறவன் உதவி செய்யக் கிளம்புவானா?

அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். தோளில் போட்டேன். நாற்றம் தாங்காமல் மூச்சை அடக்கிக்கொண்டு, சருகு கொளுத்தும் குழிவரை சுமந்து போய், உள்ளே தள்ளி நெருப்பு வைத்தேன். நன்றாக எரிந்தது. குளித்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குளிப்பதற்கு முன்பே பாராட்டை வாங்கிக்கொள்ளலாமே என்று, அதே சட்டையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நாலு மணி வாக்கில் மாமா பால் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். போனவர் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளை, அந்த மூலையில ஒண்ணு நின்னுச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா. நானே எரிச்சிட்டேன்."

மாமா செம்பைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார்.

பிறகு கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே மேய்ந்துகொண்டிருந்த சேவலிடம் அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அறிவு கெட்ட மூதேவி. ஒண்ணும் தெரியலேன்னா கையக் கட்டிக்கிட்டு கெடக்க வேண்டியதுதானே. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கிராப்பு வேற." (சேவலுக்குக் கிராப்பு ஏது? கொண்டைதான்.)

போர்வையைப் போர்த்திக்கொண்டு பாக்கியம் வாசலுக்கு வந்தாள். காய்ச்சலில் முகம் காய்ந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"என்னங்க செஞ்சீங்க? அது செவலையோட கன்னுங்க. பத்து நாளைக்கு முன்னால செத்துப்போச்சு. பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல அதப் பேசக் கூடாதுன்னு யாரும் உங்ககிட்ட சொல்லல. தோலுல உப்புத் தடவி, புல்லடச்சி, அப்பா முன்னால நிறுத்துவாரு. செவலை அத நக்கிக்கிட்டே நிக்கும். அப்பத்தான் பாலு விடும். இல்லேன்னா ஒரு சொட்டு எறங்காதுங்க."

"சரி, இப்ப?"

"இப்ப புள்ளைக்கு என்ன குடுக்கிறது?"

காலையில் கறந்ததை மத்தியானமே புகட்டி முடித்திருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் வேறு மாடு கிடையாது. ஈயிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிய நான், அதன் வாய்ப்பாலில் மண்ணைப் போட்டிருந்தேன்.

மாமா புண்ணாக்கு வைத்துப் பார்த்தார். செவலை அதைத் தின்றுவிட்டு உதைத்தது. கோணியைச் சுருட்டி மூங்கிலில் கட்டி நிறுத்தினார். அது கோணியை முட்டித் தள்ளிவிட்டு, காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்துக் கத்தியது. உள்ளே சரோஜா பசியில் கத்தினாள். இதுவும் கத்த, அதுவும் கத்த, இரண்டுக்கும் காரணமானவன் நடுவில் நின்றேன். யாராவது ஒருவர் வந்து 'ஏண்டா மடையா' என்று சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. "வெயிலா இருக்கு, உள்ள உக்காருங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரே செவலையின் முன்னால் போய் நின்றேன். வாழ்நாளில் மாட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போனதில்லை. "தெரியாம செஞ்சிட்டேன்" என்று அதனிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

செவலை கத்துவதை நிறுத்தியது. மூக்கை என் சட்டையில் வைத்து மோந்தது. கன்றைச் சுமந்த தோளை மோந்தது. பிறகு ஒரு முழ நாக்கை நீட்டி, என் கழுத்திலிருந்து காதுவரை ஒரே இழுப்பாக இழுத்தது. அரம் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. நான் துள்ளி ஓடப் பார்த்தேன்.

"அசையாதீங்க" என்றது ஒரு குரல்.

மாமி. கதவு இல்லை, தூண் இல்லை. மாமி என் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் அசையவில்லை.

மாமா சத்தமில்லாமல் வந்து மடியின் பக்கம் குந்தினார். அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்து, கை கூப்பாத குறையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, கோவிச்சுக்கப்படாது. உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா கொஞ்சம் மண்டி போட்டுக்குங்க. அதுக்குத் தல எட்டல."

மண்டி போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் தலைய இப்படிக் குடுங்க. ஆங். நாற்காலி வேணும்னா கொண்டாரச் சொல்லட்டா?"

நாற்காலியில் உட்கார்ந்த கன்றுக்குட்டியை உலகம் பார்த்திருக்கிறதா? வேண்டாம் என்று தலையாட்டினேன். தலையாட்டியதும் செவலைக்கு இன்னும் பாசம் பொங்கி, கிராப்பை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் நக்கியது. செம்பில் சர்ர் சர்ர் என்று பால் விழும் சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெற்ற பதினோராம் நாள் என் அம்மா போய்விட்டார். அப்பாவும் அவரோடு வேலை பார்த்த ஆண்களுமாகச் சேர்ந்து என்னை வளர்த்தார்கள். சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தலையை யாரும் அப்படிப் போதும் போதும் என்கிற அளவுக்குத் தடவிக் கொடுத்ததில்லை. கழுத்துத் தோல் உரிய உரிய நான் அங்கே மண்டியிட்டிருந்ததற்குக் குழந்தையின் பசி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய்.

அப்போது வாசலில் ஒரு சத்தம். பாக்கியம் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல், என் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு யோசனை செய்தோம். சட்டையைக் கழற்றிக் கோணிமேல் மாட்டி நிறுத்தினோம். செவலை மோந்து பார்த்தது, நக்கியது, ஒரு கையைத் தின்றும்விட்டது. பால் மட்டும் விடவில்லை. ஆகவே அன்று முதல் காலையும் மாலையும் எனக்கு உத்தியோகம் அதுதான். மாமி கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, "குனிங்க" என்று சொல்லித் தலையில் தெளிப்பார். இப்போது அவர் என்னோடு நன்றாகவே பேசினார். "குனிங்க", "இருங்க", "முடிஞ்சிருச்சு, எந்திரிங்க".

லீவை நீட்டிக்கப் பெரிய கிராணிக்கு எழுத வேண்டியிருந்தது. உண்மையை எப்படி எழுதுவது? 'இங்கே முக்கியமான ஒருவர் திடீரென்று இல்லாமல் போனதால், வேறு ஆள் கிடைக்கும்வரை அவருடைய வேலையை நான் பார்க்க வேண்டியிருக்கிறது' என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. எட்டாம் நாள் பாக்கியத்தின் காய்ச்சல் விட்டு, பால் ஊறியது. நான் முன்மண்டை சிவந்து, பாதி முடி நின்று பாதி முடி படுத்து, ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய கிராணி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கஷ்டமான வேலை போல" என்றார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சரோஜா வளர்ந்தாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம் செவலை என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வருவதையும், நான் தலையைக் கொடுப்பதையும் பார்த்தாள். பார்த்து அவளாக ஒரு கணக்குப் போட்டாள். அப்பா கன்றுக்குட்டி என்றால், செவலை அப்பாவுக்கு அம்மா. அப்பாவுக்கு அம்மா என்றால் தனக்கு அப்பாயி. அன்று முதல் செவலை அவளுக்கு அப்பாயிதான். நாங்களும் திருத்தவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், ஒருநாள் சாயங்காலம் அவளுடைய வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. பாக்கியம் கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ஒங்க அம்மா எங்க இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார்.

"அம்மா இல்லீங்களே."

"மறைக்காதீங்க. வகுப்புல ஒவ்வொரு பிள்ளையா வீட்டப் பத்திக் கேட்டேன். ஒங்க மக எந்திரிச்சு என்ன சொன்னுச்சு தெரியுமா? 'எங்க அப்பாயிய கிள்ளான்ல கட்டிப் போட்டிருக்கோம் சார். புல்லும் புண்ணாக்கும் குடுக்கிறோம். அவுத்து விட்டா பக்கத்துக் கம்பத்துக்காரங்க வாழையத் தின்னுருவாங்க'ன்னு சொல்லுது. பெத்தவள இப்படியா வச்சிருப்பாங்க? நீங்கள்லாம் படிச்சவங்க."

முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்து, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் போனார். மறுநாளே பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெருவில் எங்கே பார்த்தாலும் சைக்கிளை நிறுத்தி, "அம்மா சௌக்கியமா?" என்று கேட்பார். "சௌக்கியம்தான் சார்" என்பேன். எங்கள் வீட்டுக் கல்யாணம் காட்சிகளில் இன்றைக்கும் யாராவது ஒரு சின்னப்பயல் என் தாய்வழியைப் பற்றி விசாரித்துவிட்டு ஓடுவான்.

செவலை கிழடாகிச் செத்தபோது மாமா ஒரு கார்டு போட்டார். 'மாப்பிள்ளை மனசைத் தேற்றிக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தார். வாத்தியாருக்கு எப்படியோ சேதி போயிருக்கிறது. அன்று சாயங்காலமே, "துக்கம் கேக்க வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "எத்தனை வயசு?" என்று கேட்டார்.