பின் பற்றறி மட்டும் நலமில்லை

உடுவில்,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் தேனுஜன் அவர்களுக்கு,

உங்கள் மாமா நாகலிங்கம் எழுதிக்கொள்வது. ஒஸ்லோவில் நீங்களும் மகள் ஆரபியும் பேத்தியும் குளிருக்குப் பழகி நலமாக இருப்பீர்களென நம்புகிறேன். இங்கே நான் நலம். மாமி கோபமாக இருக்கிறார், ஆகவே அவரும் நலம். வான் வண்டியின் முன் பற்றறி நலம். பின் பற்றறி மட்டும் நலமில்லை. இதை வாட்ஸ்அப்பில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் முக்கியமான விசயத்தைக் கடிதத்தில்தான் எழுதுவான். தவிரவும், நான் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினால் மாமி பக்கத்தில் வந்து நின்று இடையிலே கதைக்கிறார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது நீங்கள் அந்தப் பழைய டொல்பின் வானை எடுத்து, பின் சீற்றுகளைக் கழற்றிக் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய பற்றறியும் பக்கத்தில் ஒரு சின்னப் பிறிட்ஜும் பூட்டித் தந்தீர்கள். வான் ஓடும்போது எஞ்சின் அந்தப் பற்றறியைச் சார்ஜ் பண்ணும், வான் நிற்கும்போது அந்தப் பற்றறி பிறிட்ஜை ஓட்டும், மாமியின் இன்சுலின் கதிர்காமம்வரை குளிராகப் போய்க் குளிராகவே திரும்பி வரும் என்று விளங்கப்படுத்தினீர்கள். பேத்தி சுகமாகப் பிறந்தால் கதிர்காமம் வருகிறேனென்று மாமி வைத்த நேர்த்திக்கடன் அது. கடைச் சாப்பாடு ஒத்துவராது, கண்ட இடத்தில் படுக்கமாட்டார், இன்சுலினுக்குக் குளிர் வேண்டும் என்று தள்ளித் தள்ளிப் போன பயணம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நானும் அவரும் தனியாக ஒரு தூரப் பயணம் போனதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மாமி அதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போனபின் வானை நான் பார்த்த மாதிரிப் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்ததில்லை. மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் கொண்டுபோய், ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து எடுத்தேன். நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கத்தி, மாமியின் தையல் மெசின் எல்லாம் வழக்கம்போலக் கும்பத்துக்கு முன்னால் வைத்தோம். வானைச் சாமியறைக்குள் கொண்டுபோக முடியுமா? வான் திறப்பை வைப்போமென்றால், திறப்பில்லாமல் வான் ஓடாது, மாமிக்குச் சுன்னாகம் சந்தைக்குப் போகவேண்டும். ஆகவே முன் சீற்றைத் தூக்கி, இரண்டு நட்டைக் கழற்றினால் கையில் வருகிற சின்னச் சாமான் ஒன்றை எடுத்து, அது இல்லாமலும் வான் ஓடுகிறதென்று ஓட்டிப்பார்த்து உறுதிசெய்தபிறகு, வானின் சார்பில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பத்தடியில் வைத்தேன். யோசிக்காமல் ஒன்றைச் செய்கிறவன் நானில்லை.

இவ்வளவும் செய்தபிறகுதான், மருமகன், வெள்ளோட்டமாகக் கீரிமலைக்குப் போனோம். மாமி இன்சுலினை நம்பித் தரவில்லை. பரிசோதனைக்குப் பிறிட்ஜுக்குள் ஒரு யோகட் கோப்பையை வைத்தார். போய் முழுகிவிட்டு வருவதற்குள் மீற்றரில் வோல்ற் இறங்கிவிட்டது. ஓடினால் ஏறவேண்டிய பற்றறி ஓட ஓட இறங்குகிறது. ஓடிய தூரம் போதாதாக்கும் என்று அடுத்த கிழமை சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிவரை அடித்தேன். திரும்பி வரும் வழியில் பிறிட்ஜ் ஒருதரம் முனகிவிட்டு நின்றது. மாமி புளித்துப்போன யோகட்டின் மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

உரும்பிராயிலிருந்து சுபாஸ் என்ற வாகன எலெக்றீசியனைக் கூப்பிட்டேன். வந்து இறங்கும்போதே அவன் பற்றறியை ஏற்றுகிற அல்ரநேற்றர் போய்விட்டதென்று சொல்லிக்கொண்டுதான் இறங்கினான். கழற்றினான், கழுவினான், பூட்டினான். எஞ்சினைப் போட்டு அளந்தால் முன் பற்றறியில் பதினாலு வோல்றுக்கு மேல் நிற்கிறது. அல்ரநேற்றர் கல்லுப்போல இருக்கிறது. பிறகு ஏர்த் பிடிக்கவில்லை என்றான். பெயின்ற்றைச் சுரண்டி ஏர்த் வயரை முறுக்கினோம். அதுவும் இல்லை. கட்டிலுக்குக் கீழே நீங்கள் பூட்டிய சார்ஜர்ப் பெட்டியில் பச்சை லைற் எரியவேயில்லை. முன்னுக்கிருந்து பெட்டிக்கு வருகிற வயரை அளந்தால் அதில் ஒன்றும் வரவில்லை. சுபாஸ் என்னைப் பார்த்து, "ஐயா, இதிலை ஆரும் ஏதும் கழட்டினவையோ?" என்று கேட்டான்.

"தம்பி, என்னைக் கேளாமல் இந்த வானிலை ஒரு ஆணியும் அசையாது" என்றேன். அவன் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே குனிந்தான்.

பியூஸ் எரிந்திருக்குமோ என்று நீங்கள் கேட்பீர்கள். முன் சீற்றைத் தூக்கி நானே என் கண்ணால் பார்த்தேன். அங்கே எரிந்த பியூஸ் ஒன்றுமே இல்லை. இடம் மிகத் துப்பரவாக இருக்கிறது. ஆகவே முடிவு ஒன்றுதான்: நீங்கள் தரைக்குக் கீழால் இழுத்த வயர் எங்கேயோ உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. நோர்வேக் குளிருக்குப் படித்த படிப்பு எங்கடை வெக்கைக்குச் சரிவராது, அதில் உங்கள் குற்றமில்லை. படித்த பிள்ளைகளும் பிழை விடுவார்கள். சுபாசுக்கும் பக்கத்து வீட்டு ஜெயகௌரிக்கும் சந்திக் கடைக்காரருக்கும் தவிர நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நாளைக்குச் சுபாஸ் வந்து கட்டிலைப் பிரித்துத் தரைப்பலகையைக் கிளப்புகிறான். இந்தக் கடிதம் கிடைக்கும்போது எல்லாம் கிளப்பியாகியிருக்கும். ஆகவே உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, அறியத்தருகிறேன்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜெயகௌரி கதிர்காமத்துக்குப் பஸ் பிடித்துச் சனம் சேர்க்கிறார். மாமி தன் பெயரைக் கொடுத்துவிட்டார். "நீங்கள் வானைத் திருத்துங்கோ. நான் இன்சுலினை ஐஸ் போத்திலுக்குள்ளை வைச்சுக்கொண்டு பஸ்ஸிலை போயிட்டு வாறன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். "அப்ப வானை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மருமகன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு மனம் விட்டுப்போச்சு. அந்த வானுக்குள் அவரை ஏற்றிக்கொண்டு, நினைத்த இடத்தில் நிற்பாட்டித் தேத்தண்ணி வைத்துக் குடித்துக் குடித்துப் போகவேண்டுமென்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். ஆனாலும் நான் தளரவில்லை. நோய் என்னவென்று பிடித்துவிட்டேன், இனி வைத்தியம் மட்டும்தான் பாக்கி.

ஆரபி தலைக்கு எண்ணெய் வைக்கட்டும். பேத்தி தமிழில் கதைக்கட்டும். நீங்கள் மனதை விடாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். எல்லாரும் நோய்நொடியின்றி நீடு வாழ அந்தக் கதிர்காமக் கந்தன் துணையிருப்பான்.

இப்படிக்கு, பிழை பிடித்தாலும் பாசம் குறையாத
மாமா, க. நாகலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டித் தபாலில் சேர்க்க வெளிக்கிட்டேன். வெள்ளிக்கிழமையென்று சாமியறை துடைத்துக்கொண்டிருந்த மாமி உள்ளங்கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்து, "இது உங்கடை சாமானோ, சாமியின்ரையோ?" என்று கேட்டார். சந்தனம் காய்ந்து குங்குமம் ஒட்டிப்போய், காய்ந்த பூவோடு பூவாக விபூதித் தட்டுக்குள் கிடந்திருக்கிறது. விஜயதசமியன்று மண்வெட்டியை எடுத்தேன், கத்தியை எடுத்தேன், இதை மறந்துவிட்டேன். அந்தத் தட்டிலிருந்துதான் நான் காலையும் மாலையும் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு, பின் பற்றறி ஏறவேண்டுமென்று உருகி உருகிக் கும்பிட்டேன்.

அந்தப் பியூஸைக் கழுவித் துடைத்து, முன் சீற்றுக்குக் கீழே அதன் இடத்தில் பூட்டினேன். எஞ்சினைப் போட்டவுடன் பச்சை லைற் எரிந்தது. மருதனார்மடம் போய் வருவதற்குள் பற்றறி ஏறத் தொடங்கிவிட்டது. யோகட் குளிராக இருந்தது. சுபாசை வரவேண்டாமென்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

உங்கள் வயர் நல்ல வயர். மேலே அதைப்பற்றி எழுதிய பக்கத்தை வாசிக்கவேண்டாம். முழுக் கடிதத்தையும் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். ஆனால் மாமி, "கிழிக்கப்படாது. நடந்ததை அடியிலை எழுதி அனுப்புங்கோ. மருமகனிலை பிழை சொன்ன கடிதத்திலைதான் அதுவும் போகவேணும். எழுதினால் வானிலை வாறன், இல்லாட்டிப் பஸ்ஸிலை போறன்" என்றார்.

உறையைப் பிரித்து எழுதிவிட்டேன். மாமி வாசித்துப் பார்த்துவிட்டு, இன்சுலினோடு வானில் ஏறியிருக்கிறார்.