சிவப்புப் பெட்டியின் சாவி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இருபது வயதுவரை தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூ வேறு பாஸ். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். (மருந்துச் சீட்டுகூடப் படிப்பேன். எழுதிய டாக்டரே படிக்க முடியாததையெல்லாம் படித்திருக்கிறேன்.) அப்பேர்ப்பட்டவள் இன்னொருவரிடம் போய் அர்த்தம் கேட்பதா?

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பம்புக்குள் பொருத்தும் பித்தளை வளையங்கள் செய்யும் இடம். மூன்று மாதம் பயிற்சி, ஒழுங்காக இருந்தால் பர்மனென்ட். அப்பா ஊர் முழுக்கச் சொல்லி முதல் நாளே என்னைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்.

சூப்பர்வைசர் சார் என் கையெழுத்தைப் பார்த்து மயங்கி, ஒரு நோட்டையும் சாவியையும் கொடுத்தார். "என்.சி. பீஸ் வரும். நோட்ல ஏத்திட்டு, சிவப்புப் பெட்டில போட்டுப் பூட்டிடும்மா."

என்.சி. என்றால் என்ன? நான் கேட்கவில்லை. கண்டுபிடித்தேன்.

மற்ற வளையங்களைக் கூடை கூடையாகக் கொட்டித் தரையில் தரதரவென்று இழுத்துப் போனார்கள். என்.சி. வளையமோ நாளைக்குப் பத்துப் பதினைந்துதான் வரும். அதுவும் தட்டில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி. பெட்டிக்குக் குங்குமச் சிவப்பில் பெயிண்ட், பெரிய பூட்டு. எங்கள் வீட்டில் பூட்டி வைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் கம்மல். ஆக, என்.சி. என்றால் பொறுக்கியெடுத்த முதல் தரம்!

வளையம் கழுவும் கன்னியம்மா அக்காவுக்குச் சாப்பாட்டு வேளையில் இதை விளக்கினேன்.

"எனக்கு இன்னாமோ வேற மாறி தோணுது. எதுக்கும் சாரக் கேட்டுக்கோ கண்ணு."

"நான் படிச்சிருக்கேன்க்கா" என்றேன். (அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பெரிய ஆர்டர் கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். சூப்பர்வைசர் சார் வடை வாங்கப் போயிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இருக்கறதுலயே நல்ல பீஸா இருபது எடுத்து வைம்மா" என்றார்.

வெள்ளைத் துணி விரித்தேன். பெட்டியைத் திறந்து, புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். சீட்டுகள் அழகைக் கெடுத்தன. கழற்றிவிட்டேன்.

வந்தவர் அளவு பார்க்கும் கம்பி ஒன்றை எடுத்து முதல் வளையத்தில் நுழைத்தார். போகவில்லை. இரண்டாவது, குடத்தில் போட்ட சுண்டைக்காய் மாதிரி ஆடியது. மூன்றாவதில் விரிசல்.

"இதான் உங்க நல்ல பீஸா?"

மேனேஜர் அவசரமாக நான்காவதை எடுத்து நீட்டினார். நான் உதவிக்குப் போனேன். "கவலப்படாதீங்க சார், இதே தரத்துல இன்னும் பெட்டி நெறைய இருக்கு!"

வடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்த சூப்பர்வைசர் சார் மேசையைப் பார்த்து அலறினார். "ஐயோ, என்.சி.ன்னா கழிச்சதும்மா! தப்பித் தவறிக்கூட வெளிய போவக் கூடாதுன்னுதான் பூட்டியே வெச்சிக்கிறோம்!"

கன்னியம்மா அக்கா ஒரு கூடையை இழுத்து வந்தார். "இத்தப் பாருங்க சார். தரையில கீறதுதான் நல்லது."

அதிலெல்லாம் கம்பி வழுக்கிக்கொண்டு நுழைந்தது. வந்தவர் என் நோட்டைப் புரட்டினார். எந்தத் தேதி, எந்த மிஷின் என்று ஒரு வளையம் விடாமல் எழுதியிருந்தேன். "கெட்டதையே இவ்ளோ பத்திரமா வெக்கறீங்களே, நம்பலாம்" என்று சிரித்து, ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். என் பர்மனென்ட் மட்டும் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஏன் என்று அப்பா கேட்டார். தங்கச்சி பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

சில வருஷம் கழித்து மணிமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "எங்க பொண்ண பூட்டி வெச்சி வளத்தோங்க" என்றார்.

உள்ளேயிருந்து தங்கச்சி கத்தினாள். "நைனா, அப்ப என்.சி.ன்றியா?"

மாப்பிள்ளை அர்த்தம் கேட்டார். (கேட்டார்! அதற்காகவே சம்மதித்தேன்.) இப்போதும் நான் பீரோவைப் பூட்டினால், "பத்திரம், கழிச்சது வெளிய வந்துடப் போவுது" என்பார். உள்ளே இருப்பது எங்கள் கல்யாண போட்டோ. அதில் பெரிதாகத் தெரிவது அவர்தான்.