தலை அடுத்த பாவில் வரும்

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள துர்காதேவி அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி கலைவாணி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாவுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் நலம்தான். உங்கள் மெசேஜுக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கும், அதையும் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுவதற்கும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபோன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் காரில் வந்து மாமாவை, உங்கள் அப்பாவை, பெங்களூருக்கே அழைத்துப் போவதாகவும், இனி அவர் உங்களோடுதான் இருப்பார் என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அண்ணி. தப்பு என்னுடையதுதான், பள்ளிக்கூடத்திலிருந்து மாமா பேத்தி அமுதினிக்குப் பதிலாக வேறு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று பதறிப்போய் முதலில் உங்களுக்குத்தான் ஃபோன் செய்தேன். அந்த ஸ்ருதியும் அமுதினி மாதிரியே ரெட்டைச் சடை, அதே யூனிஃபார்ம், அதே பச்சைத் தண்ணீர் பாட்டில், குச்சி மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அப்பா தர்மதாஸ், நெல் வியாபாரி, தங்கமான மனுஷர், அமுதினியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நம் வாசலில் நின்று, "பெரியவரே, மாத்திக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அமுதினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், அப்புறம் இறக்கிவிடவே இல்லை. நான் ஸ்ரீபெரும்புதூர் வேலையை விட்டுவிடுவதா, மாமாவை நம்புவதா என்று உங்கள் தம்பியும் நானும் பேசிப் பேசி ஓய்ந்துபோனோம்.

கடைசியில் மாமாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்படும்படி இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் தறியை விட்டு இறங்கின நாளிலிருந்து மனுஷர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இதுவரை செய்யாத ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும், படம் வரைவது மிகவும் நல்லது, கண், கை, மூளை மூன்றுக்கும் சேர்ந்து வேலை என்றார். "ஞாபக மறதி போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன். "மருந்து மாதிரி உத்தரவாதம் தர முடியாதும்மா, முயற்சி பண்ணுங்க" என்றார். மாமா வெளியே வந்ததும், "இன்னா டாக்டரும்மா இவரு? மாத்திர எழுதாம பென்சில் எழுதிக் குடுத்துக்கிறாரு" என்றார்.

ஜெராக்ஸ் கடை மாடியில் யேசுதாஸ் மாஸ்டர் நடத்தும் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டோம். அங்கே மாமாவைத் தவிர எல்லோரும் பால்பல் விழுந்த பிள்ளைகள். மாஸ்டர் முதலில் ஆப்பிள் வரையச் சொன்னாராம். "ஆப்பிள்ள பாக்கறதுக்கு இன்னா கீதுப்பா, மனுசன் மூஞ்சி போடறேனே" என்று சொல்லிவிட்டு, ஒரு சார்ட் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் படம் அமுதினி. அண்ணி, மனுஷர்கள் படம் வரைந்தால் தலையிலிருந்துதானே ஆரம்பிப்பார்கள்? மாமா பாதத்திலிருந்து ஆரம்பித்தார். அதுவும் இங்கே ஒரு கோடு அங்கே ஒரு கோடு கிடையாது, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம், வலதிலிருந்து இடது, ஒவ்வொரு வரிசையாக, தறியில் குறுக்கே ஊடை நூல் போடுகிற மாதிரி. செருப்பு முடிந்ததும் முடிந்த இடம் வரைக்கும் சார்ட் பேப்பரைச் சப்பாத்திக் கட்டையில் சுற்றிவிட்டார். நெய்த துணியை முன்மரத்தில் சுற்றிக்கொண்டே போவார்களே, அதே பழக்கம். முழங்கால் வந்தது, சுற்றினார். பாவாடை வந்தது, சுற்றினார். அன்றெல்லாம் வீட்டில் சப்பாத்தி கிடையாது. கழுத்து வரைக்கும் வந்தபோது பேப்பர் தீர்ந்துவிட்டது.

"தலை எங்க மாமா?"

"அடுத்த பாவுல வரும்மா."

பேப்பர் தீர்ந்ததை, தறியில் ஏற்றிய பாவு நூல் தீர்ந்ததாகவே எடுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஒரு யோசனையும் வந்தது. வரைந்ததை எல்லாம் சுற்றி மூடிவிட்டு மேலே வரைகிறாரே, பாவாடை எத்தனை அகலத்தில் ஆரம்பித்தது, எந்தக் கால் முன்னால் இருந்தது என்பதை எல்லாம் மனதிலேயே வைத்துக்கொண்டுதானே வரைய வேண்டும்? மூளைக்கு இதைவிட என்ன பயிற்சி இருக்க முடியும்? நான் படித்தது பி.காம்., மூளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் தினமும் காலையில் காபி கொடுக்கும்போது, "நேத்து என்ன குழம்பு மாமா?" என்று கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் முழித்தார். அப்புறம், "முருங்கக்கா சாம்பாரு. உப்பு கம்மி. நீ கொஞ்சம் கவனிச்சி செய்மா" என்றார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா, சொல்லுங்கள்.

எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் கதைதான் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. அவர்கள் கன்னத்தில் ஒரு மரு இருக்கிறதல்லவா, மாமா இரண்டு கன்னத்திலும் மரு போட்டுவிட்டார். அந்த அம்மாள் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று, "ஏன்யா வேலாயுதம், எனுக்கு ஒரு மருதானே கீது? ரெண்டு போட்டுக்கிறியே, கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்று கேட்க, மாமா நிதானமாக, "ஒரு கரைல பூ போட்டுட்டு இன்னொரு கரைய மொட்டையா உட முடியுமா? எந்த மொதலாளி அந்தப் பொடவைய வாங்குவாரு?" என்றார். "நான் பொடவையாய்யா?" என்று அவர்கள் கத்த, தெருவே கூடிவிட்டது. உங்கள் தம்பி போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு மருவை ரப்பரால் அழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மாமாவுக்கு அதில் இன்றுவரை சம்மதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லம்மா. இத்தினி வருசம் பாத்துக்கினு இருந்தேன், இது தெரியலியே!" என்று குழந்தை மாதிரி ஆச்சரியப்படுகிறார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, மாமாவுக்குச் சொல்லாமல் பள்ளிக்கூட வாசலில் இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள். மாமா ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, குனிந்து, காதைப் பார்த்தார். மிஸ் ஓடி வந்தார்கள்.

"தாத்தா, என்ன பண்றீங்க?"

"காது பாக்குறேம்மா. மூஞ்சிய நம்ப முடியாது, பவுடரு போட்டு எல்லாத்தியும் ஒண்ணாக்கி அனுப்புறாங்க. காது மாறாது."

"தாத்தா, நான்தான்!" என்று அமுதினி அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள். "இரும்மா, பாத்துக்கினு இருக்கேன்ல" என்று அவளுடைய இரண்டு காதையும் சரிபார்த்துவிட்டுத்தான் பையை வாங்கிக்கொண்டார். அந்த ஸ்ருதியும் வந்து தானே தலையைச் சாய்த்து, "நானும் வரலாமா தாத்தா?" என்று கேட்டாள், மிட்டாய் ஆசை. "உன் காது மேல மடிஞ்சிருக்குது. நீ தர்மதாஸ் ஊட்டுப் புள்ள. உங்கப்பா வருவாரு, இங்கியே நில்லு" என்று சொல்லி, அவர் வரும்வரை கூடவே நின்றார். இளநீர்க்காரர் என்னைப் பார்த்து, "ஏம்மா அழுவுற, வழுக்க இல்லியா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு ஞாபகம் வளர்ந்துவிட்டதா, இல்லை இதுவரை பார்க்காததை இப்போது பார்க்க ஆரம்பித்திருக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரைக் கேட்டால் சிரிக்கிறார். இரண்டும் ஒன்றுதானோ என்னவோ. எது எப்படியானாலும் இந்தத் தெரு, இந்தப் பள்ளிக்கூடம், இந்த முகங்கள் இவற்றை விட்டு அவரை உங்கள் பதினாலாவது மாடியில் கொண்டுபோய் வைத்தால் மறுபடியும் சும்மா உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எனக்காகவும்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. தயவுசெய்து அவரை இங்கேயே விட்டுவிடுங்கள்.

அண்ணாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். அமுதினி அத்தைக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். ஏகாம்பரநாதரும் காமாட்சியும் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய,
கலைவாணி

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி மாமாவிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டார். "நான் போவலன்னு எப்பம்மா சொன்னேன்? அவளும் என்னைக் கேக்கல, நீயும் கேக்கல" என்றார். இந்தத் தெருவில் எல்லா முகமும் வரைந்து முடிந்துவிட்டதாம், கிருஷ்ணம்மாள் மாமாவைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்களாம். "துர்கா ஊட்டுல லிஃப்ட்டு கீதுல்ல? உள்ள ஏறிட்டா யாரும் ஓட முடியாது" என்கிறார். லீவு முழுக்க அங்கே இருப்பாராம், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்பிவிடுவாராம், "புள்ளைய யாரு கூட்டிக்கினு வர்றது?" என்று என்னையே அதட்டுகிறார். அதனால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, சொன்ன நாளில் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதற்குள் உங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்டூல் வேண்டுமாம்.